‘விக்கெட்’ எழுதியவரின் சொத்து எவ்வளவு? தொலைக்காட்சிப் பணமும் மேடைப் பணமும்

2024 நவம்பரில் ‘விக்கெட்’ படத்தின் முதல் பாகம் வந்தது. 2025 நவம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. நடிகைகளைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, பலர் இன்னொரு பெயரைத் தேட ஆரம்பித்தார்கள்: வினி ஹோல்ஸ்மேன். 2003ல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளின் வட்டாரமான பிராட்வேயில் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ‘விக்கெட்’ இசை நாடகத்தின் கதை வசனத்தை எழுதியவர். இரண்டு படங்களின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதற்கு முன்னால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர் வாங்கிய எழுத்தாளர்.

அவருடைய சொத்து மதிப்பு என்ன என்று தேடினால் ஆளுக்கொரு தொகை சொல்லும் தளங்கள் வந்து விழுகின்றன. எந்தத் தொகைக்கும் ஆதாரம் இருக்காது. தனிநபர் ஒருவர் தன் வருமானத்தையோ ஒப்பந்தங்களையோ ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகவே விளக்க முடியும்: இப்படிப்பட்ட எழுத்தாளருக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, எந்த வழியில் வராமல் போகிறது என்பதை. அதைப் புரிந்துகொண்டால், 19 எபிசோடோடு நிறுத்தப்பட்ட ஒரு தொடர் புகழைக் கொடுத்ததும், சிறந்த இசை நாடகம் என்ற டோனி விருது வாங்காத ஒரு நாடகம் செல்வத்தைக் கொடுத்ததும் ஏன் என்பது புரியும். என் கணிப்பில் காரணம் ஒன்றுதான். தொலைக்காட்சியில் எழுத்தாளர் கூலி வாங்குகிறார், மேடையில் அவர் எழுத்தைச் சொந்தமாக வைத்திருக்கிறார்.

தொழில் வாழ்க்கை, சுருக்கமாக

ஹோல்ஸ்மேன் 1954ல் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் இசை நாடக எழுத்துப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஆர்தர் லாரன்ட்ஸும் ஒருவர். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘ஜிப்சி’ ஆகிய நாடகங்களின் கதை வசனகர்த்தா. 1987ல் ஹோல்ஸ்மேன், இசையமைப்பாளர் டேவிட் எவன்ஸுடன் சேர்ந்து எழுதிய ‘பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாடகம், ஆஃப் பிராட்வே எனப்படும் சிறிய அரங்குகளில் அரங்கேறியது. இயக்கியவர் அதே லாரன்ட்ஸ். சீக்கிரமே மூடிவிட்டார்கள்.

அப்புறம் அவர் தொலைக்காட்சிக்குப் போனார். மார்ஷல் ஹெர்ஸ்கோவிட்ஸும் எட்வர்ட் ஸ்விக்கும் உருவாக்கிய ‘தர்ட்டிசம்திங்’ தொடரில் எழுத்தாளராகச் சேர்ந்தார். அந்த இருவரின் தயாரிப்பிலேயே 1994ல் அவர் சொந்தமாக உருவாக்கிய தொடர் ‘மை ஸோ கால்டு லைஃப்’. பதினைந்து வயதுப் பெண்ணாகக் கிளேர் டேன்ஸ் நடித்தது. பிறகு ‘ஒன்ஸ் அண்ட் அகெய்ன்’ தொடரில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தார். 2003ல் ‘விக்கெட்’. 2010ல் மகள் சவானா டூலியுடன் சேர்ந்து ‘ஹ்யூஜ்’ என்ற தொடர். பிறகு படங்கள்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஒன்ஸ் அண்ட் அகெய்ன்’ ஓடியது 1999 முதல் 2002 வரை. ‘விக்கெட்’ உருவான வருடங்களும் அவைதான். ஒரு இசை நாடகத்தை எழுதி, வாசிப்புகள் நடத்தி, திருத்தி, மேடைக்குக் கொண்டுவர ஐந்தாறு வருடம் சாதாரணமாகப் பிடிக்கும். அந்த வருடங்களில் எழுத்தாளருக்குக் கிடைப்பது சின்ன முன்பணம் மட்டும். அமெரிக்காவில் நிறைய நாடக எழுத்தாளர்கள் தொலைக்காட்சியில் வேலை பார்ப்பதற்கு இதுதான் காரணம். அடுப்பு எரிய அது, ஆசைக்கு இது.

தொலைக்காட்சியில் பணம் வரும் வழிகள்

ஹோல்ஸ்மேன் வேலை பார்த்த காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளரின் வருமானம் ஐந்து வகையாக வரும்.

1. வாரச் சம்பளம். ஒரு தொடருக்கு ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து கதையைப் பிரித்து எழுதுவார்கள். அனுபவம் கூடக் கூடப் பட்டம் மாறும், சம்பளமும் மாறும். கீழ்ப்படியில் ஸ்டாஃப் ரைட்டர், மேலே எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர். பட்டியலில் ‘புரொட்யூசர்’ என்று வருகிற பெயர்களில் பாதிப்பேர் உண்மையில் எழுத்தாளர்கள்தான்.

2. ஸ்கிரிப்ட் கட்டணம். ஒரு எபிசோடை யார் எழுதினாரோ அவருக்குத் தனியாக. பெரிய சேனலில் இரவு ஒளிபரப்பாகும் ஒரு மணி நேர எபிசோடுக்கு எழுத்தாளர் சங்கம் (ரைட்டர்ஸ் கில்டு) நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சத் தொகை இன்றைய கணக்கில் சுமார் 40 ஆயிரம் டாலர்.

3. உருவாக்கியவர் தொகை. தொடரின் தொடக்கத்தில் ‘உருவாக்கியவர்’ என்று பெயர் வருகிறவருக்கு, அவர் எழுதாத எபிசோடுகளுக்கும் ஒரு சின்ன தொகை உண்டு.

4. ரெசிடியுவல். எழுதிய எபிசோடு மறுபடி ஒளிபரப்பானால், வெளிநாட்டில் விற்கப்பட்டால், டிவிடி வட்டாக வந்தால், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை. தடவை கூடக் கூடத் தொகை குறையும். வருடங்கள் கழித்து வருகிற காசோலை தபால் செலவுக்குக்கூடக் காணாது என்பது ஹாலிவுட்டில் பழைய கேலி.

5. லாபத்தில் பங்கு. இது சங்க ஒப்பந்தத்தில் கிடையாது. தனியாகப் பேரம் பேசி வாங்க வேண்டும். தொடர் பெரிய வெற்றி பெற்றால் மட்டுமே காசாகும். ஸ்டூடியோவின் கணக்குப் புத்தகத்தில் லாபம் என்பது அவ்வளவு எளிதில் தலைகாட்டாது.

இந்த ஐந்தில் ஒருவரைப் பெரும் பணக்காரராக்கக்கூடியது ஐந்தாவது மட்டும்தான். ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் மறு ஒளிபரப்பு உரிமையை விற்ற லாபம் அதை உருவாக்கிய இருவருக்கும் அப்படித்தான் கைகொடுத்தது. அந்தத் தொடர் 180 எபிசோடு ஓடியது. எண்ணிக்கைக்கு இங்கே அர்த்தம் உண்டு. மறு ஒளிபரப்பு உரிமையை வாங்கிய உள்ளூர் நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒரு எபிசோடு போடும். நூறு எபிசோடு இருந்தால் இருபது வாரம் தாங்கும். திரும்ப முதலிலிருந்து போடும்போது பார்ப்பவருக்கும் பாதி மறந்திருக்கும். அதனால்தான் நூறு என்பது அந்தத் தொழிலின் எல்லைக்கோடாக இருந்தது. கொஞ்சம் குறைந்தாலும் ஒப்புக்கொள்வார்கள், ரொம்பக் குறைந்தால் மாட்டார்கள்.

19 எபிசோடின் கதை

‘மை ஸோ கால்டு லைஃப்’ 1994 ஆகஸ்டில் ஏபிசி சேனலில் தொடங்கியது. 1995 ஜனவரியில் முடிந்தது. மொத்தம் 19 எபிசோடு. மேலே சொன்ன கணக்குப்படி நான்கு வாரத்துக்குக்கூடப் போதாது.

வியாழன் இரவு எட்டு மணிக்கு அதைப் போட்டார்கள். அதே இரவில் போட்டிச் சேனலான என்பிசி தன்னுடைய மிக வலுவான நகைச்சுவைத் தொடர்களை வரிசையாக வைத்திருந்தது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடங்கியதும் அந்தப் பருவத்தில்தான். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். டேன்ஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. ஹோல்ஸ்மேனின் முதல் எபிசோடு எழுத்து, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரை பெற்றது. பார்ப்பவர் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் நடத்திய இயக்கம், இணையம் வழியாக நடந்த இப்படிப்பட்ட முதல் இயக்கங்களில் ஒன்று. அதுவும் பலிக்கவில்லை. எம்டிவி மறுபடி ஒளிபரப்பிய பிறகுதான் அது ஒரு தலைமுறையின் தொடராக ஆனது.

புகழ் வளர்ந்தது, வருமானம் அதே வேகத்தில் வளரவில்லை என்பதை ஊகிக்கப் பெரிய கணக்கு தேவையில்லை. ஏனென்றால் அந்தத் தொடர் ஹோல்ஸ்மேனின் சொத்து அல்ல. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலைக்கு அமர்த்தப்பட்டு எழுதினால், சட்டத்தின் பார்வையில் எழுதியவர் ஆசிரியரே இல்லை. காசு கொடுத்த நிறுவனம்தான் ஆசிரியர். தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் இரண்டும் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. ஒரு பெண்ணின் மனதை வரி வரியாக உருவாக்கியவர் ஒருவர், அந்த மனதுக்குச் சட்டப்படி ஆசிரியர் ஒரு நிறுவனம். வாசிக்கும்போது விநோதமாக இருக்கும். அந்த ஊரில் யாரும் இதை விநோதமாகப் பார்ப்பதில்லை.

மேடையில் ‘புக்’ எழுதுவது

இசை நாடகத்தில் மூன்று எழுத்து வேலைகள் உண்டு. இசை, பாடல் வரிகள், ‘புக்’. புக் என்பது பாடல் அல்லாத எல்லாம்: கதைக் கட்டுமானம், பாத்திரங்கள், வசனம், எந்த இடத்தில் பேச்சு நின்று பாட்டு தொடங்க வேண்டும் என்ற முடிவு. நாடகம் வெற்றி பெற்றால் ஜனங்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். தோற்றால் விமர்சகர்கள் புக்கின் தலையில் பழியைப் போடுவார்கள்.

‘விக்கெட்’டில் இசையும் வரிகளும் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ். புக் ஹோல்ஸ்மேன். மூலம், கிரெகரி மக்வயர் 1995ல் எழுதிய நாவல். அதற்கும் மூலம், எல். ஃப்ராங்க் பாம் 1900ல் எழுதிய குழந்தைகள் நாவல். மக்வயர் தன் கதாநாயகிக்கு எல்ஃபபா என்று பெயர் வைத்ததே பாமின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான்.

மக்வயரின் நாவல் இருண்டது, அரசியல் கனத்தது, பல வருடங்களைத் தாவிச் செல்வது. மேடைக்கு அது அப்படியே வராது. ஹோல்ஸ்மேனும் ஷ்வார்ட்ஸும் எடுத்த முக்கிய முடிவு, இரண்டு பெண்களின் நட்பை நடுவில் வைத்து மற்றதை அதைச் சுற்றிக் கட்டுவது. பள்ளிக்கூடத்துப் பெண்களின் பொறாமையையும் பாசத்தையும் எழுதத் தெரிந்தவர் என்பதை ‘மை ஸோ கால்டு லைஃப்’ ஏற்கெனவே காட்டியிருந்தது. தொலைக்காட்சியில் ஸ்டூடியோவுக்குச் சொந்தமாகிப்போன தொடரை விட்டுவிடலாம், அதை எழுதிய திறமை எழுத்தாளரிடமேதானே இருக்கிறது.

மூல உரிமை என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு இந்த நாடகத்திலேயே ஒரு செருப்பு இருக்கிறது. பாமின் நாவலில் மாயச் செருப்பு வெள்ளி. அதைச் சிவப்பு மாணிக்கமாக மாற்றியது 1939ல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ திரைப்படம். பாமின் நாவல் பொதுவுடைமையாகிவிட்டது, யாரும் எடுத்தாளலாம். 1939 படத்தின் உரிமையோ இன்று வார்னர் பிரதர்ஸிடம் இருக்கிறது. ‘விக்கெட்’ தயாரிப்பில் இருப்பது யுனிவர்சல். அதனால் மேடையில் செருப்பு சிவப்பாக இருக்காது. மாயம் நடக்கும் நேரத்தில் சிவப்பு விளக்கு மட்டும் அதன்மேல் விழும். எந்தப் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஒரு காட்சியின் ஒளியமைப்பு வரை போய்ச் சேர்கிறது.

ராயல்டி கணக்கு

நியூயார்க்கில் நாடக எழுத்தாளர்களின் அமைப்பு டிராமட்டிஸ்ட்ஸ் கில்டு. பிராட்வே நாடகங்களுக்கு அது 1985 முதல் ஒரு மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பாரம்பரியக் கணக்கு இப்படி:

1. முதலீடு திரும்பும் வரை, வார வசூலில் 4.5 சதவீதம் எழுத்தாளர்களுக்கு.
2. முதலீடு திரும்பிய பிறகு 6 சதவீதம்.
3. இதை இசை, வரிகள், புக் என்று மூன்று பங்காகப் பிரிப்பது வழக்கம். ஷ்வார்ட்ஸ் போல இரண்டு வேலையை ஒருவரே செய்தால் பொதுவாக இரண்டு பங்கு. லின் மானுவேல் மிராண்டா ‘ஹாமில்டன்’னில் செய்ததுபோல மூன்றையும் ஒருவரே எழுதினால் பிரிக்கவே வேண்டாம்.
4. மூல நாவலின் ஆசிரியருக்கும் ஒரு பங்கு உண்டு. சில ஒப்பந்தங்களில் அது தனி, சிலவற்றில் எழுத்தாளர்களின் பங்கிலிருந்து போகும்.

இங்கே முக்கியமான சொல் ‘வசூல்’. லாபத்தில் பங்கு என்றால் கணக்குப்பிள்ளை மனது வைக்க வேண்டும். டிக்கெட் கவுன்டரில் விழுந்த பணத்தை யாரும் மறைக்க முடியாது. தயாரிப்பாளர்கள், அரங்க உரிமையாளர்களின் அமைப்பான பிராட்வே லீக் ஒவ்வொரு நாடகத்தின் வார வசூலையும் வாராவாரம் வெளியிடுகிறது.

ஆனால் நடைமுறையில் இன்று பல நாடகங்கள் வேறு முறைக்குப் போய்விட்டன. ‘ராயல்டி பூல்’ என்பார்கள். அரங்க வாடகை, நடிகர் சம்பளம், இசைக்குழு, விளம்பரம் எல்லாம் போக அந்த வாரத்தில் மிஞ்சியதில் ஒரு பகுதியை எழுத்தாளர், இயக்குநர், வடிவமைப்பாளர் எல்லோரும் ஒப்பந்தத்தில் பேசிய பங்குப் புள்ளிகளின்படி பிரித்துக்கொள்வார்கள். மோசமான வாரத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை இருக்கும். மந்தமான பிப்ரவரி மாதங்களில் நாடகம் மூடப்படாமல் பிழைக்க இது உதவும். எழுத்தாளருக்கு மந்தமான வாரங்களில் கை கடிக்கும்.

‘விக்கெட்’டில் எந்த முறை, எத்தனை சதவீதம் என்பது தனிப்பட்ட ஒப்பந்தம், பொதுவெளியில் இல்லை. பாரம்பரியக் கணக்கை ஒரு பயிற்சிக்காக வைத்துப் பார்ப்போம்.

‘விக்கெட்’டின் தொடக்கச் செலவு சுமார் 1.4 கோடி டாலர். 2003 அக்டோபர் 30 அன்று கெர்ஷ்வின் அரங்கில் தொடங்கியது. 1,900க்கும் மேற்பட்ட இருக்கைகள், பிராட்வேயிலேயே பெரிய அரங்குகளில் ஒன்று. வாரத்துக்கு எட்டுக் காட்சி. 14 மாதத்தில் முதலீடு திரும்பிவிட்டது. 2016 மார்ச்சில் பிராட்வே வசூல் மட்டும் 100 கோடி டாலரைத் தொட்டது. அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டவை ‘தி லயன் கிங்’, ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ இரண்டு மட்டும்.

100 கோடியில் 6 சதவீதம் 6 கோடி. மூன்றில் ஒரு பங்கு 2 கோடி டாலர். பன்னிரண்டரை வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 16 லட்சம். ஏஜென்டுக்கு 10 சதவீதம், வழக்கறிஞருக்குக் கொஞ்சம். மிச்சத்தில் மத்திய வரியின் உச்ச விகிதம் இன்றைய கணக்கில் 37 சதவீதம், மாநில வரி தனி. கையில் நிற்பது பாதிக்குக் குறைவு. இது ஒரே ஒரு அரங்கின் கணக்கு. 2006 முதல் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் ஓடுவது, அமெரிக்கச் சுற்றுப்பயணக் குழுக்கள், ஜப்பான், ஜெர்மனி, ஆஸ்திரேலியா அரங்கேற்றங்கள் எல்லாம் தனித்தனியாக ராயல்டி தருபவை.

இன்னொரு கோணத்தில் பார்க்கலாம். முதல் படம் வந்த சூட்டில், 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒன்பது காட்சிகளுக்கு நாடகம் 50 லட்சம் டாலர் வசூலித்தது. பாரம்பரியக் கணக்கில் புக் பங்கு ஒரு லட்சம் டாலர். ஒரு வாரத்துக்கு. இருபது வருடத்துக்கு முன் எழுதி முடித்த வசனத்துக்கு. தொலைக்காட்சியில் புதிதாக ஒரு மணி நேர எபிசோடு எழுதினால் சங்கக் குறைந்தபட்சம் 40 ஆயிரம் என்று பார்த்தோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது.

விருதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில், 2004ல் சிறந்த இசை நாடகம், சிறந்த புக் இரண்டையும் ‘அவென்யூ கியூ’ என்ற வேறொரு நாடகம் வாங்கிப் போனது.

இரண்டு ஏற்பாடுகள் எப்படி வந்தன

1920களில் சினிமா நிறுவனங்கள் பிராட்வேக்குப் பணம் போட ஆரம்பித்தன. நாடகத்தின் லாபம் அல்ல, அதைப் படமாக்கும் உரிமையை மலிவாக வாங்குவதே அவர்கள் நோக்கம். நாடக எழுத்தாளர்கள் உஷாரானார்கள். 1926ல் ஒன்றுசேர்ந்து, தயாரிப்பாளர்களுடன் ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை: எழுத்து எழுத்தாளருக்கே சொந்தம். தயாரிப்பாளர் அதை வாடகைக்கு எடுக்கிறார். எழுத்தாளர் சம்மதிக்காமல் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. இயக்குநர், நடிகர் தேர்விலும் எழுத்தாளருக்குக் குரல் உண்டு.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் ஊழியர்கள். உரிமை ஸ்டூடியோவிடம் போய்விடும். பதிலுக்கு, ஊழியர் என்பதால் தொழிற்சங்கம் அமைக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் கேட்டு வாங்கலாம். 2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் நிறுத்தினார்கள். 2023ல் 148 நாள். இரண்டாவதன் பலன்களில் ஒன்று ஓடிடி பற்றியது: ஒரு புதிய தொடரோ படமோ வந்த முதல் 90 நாளில், அந்தத் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு ஈடானவர்கள் பார்த்திருந்தால், எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை.

நாடக எழுத்தாளர்களால் இதெல்லாம் முடியாது. சொந்தக்காரர் ஊழியராக முடியாது. ஊழியர் அல்லாதவர்கள் சேர்ந்து விலை நிர்ணயித்தால் அமெரிக்கச் சட்டத்தில் அது வியாபாரிகளின் கூட்டுச்சதி மாதிரி. டிராமட்டிஸ்ட்ஸ் கில்டின் பெயரில் ‘கில்டு’ இருந்தாலும் அது தொழிற்சங்கம் இல்லை. 1980களில் தயாரிப்பாளர் தரப்பு இதே காரணம் சொல்லி நீதிமன்றம் போனது. அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தபோது வந்ததுதான் மேலே சொன்ன 1985 ஒப்பந்தம்.

ஆக, ஒரு பக்கம் மாதச் சம்பளம் மாதிரி நிச்சயம், ஆனால் சொத்து கிடையாது. மறுபக்கம் சொத்து உண்டு, நிச்சயம் கிடையாது. பிராட்வேயில் ஐந்தில் ஒரு நாடகம்தான் போட்ட பணத்தை எடுக்கும் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். மற்ற நான்கின் எழுத்தாளர்களுக்கு அந்த உரிமைப் பத்திரத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை. ‘பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ்’ உரிமையும் ஹோல்ஸ்மேன், எவன்ஸ் போன்றவர்கள் கையில் இருக்கும் வகைதான். மேடை உரிமைதான் நல்லது என்று யாராவது ஒரே அடியாகச் சொன்னால், அவர் ‘விக்கெட்’டை மட்டும் பார்க்கிறார் என்று அர்த்தம்.

படமான பிறகு

‘விக்கெட்’ முதலில் சினிமாவாகத்தான் திட்டமிடப்பட்டது. நாவலின் பட உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. அங்கே தயாரிப்புப் பொறுப்பில் இருந்த மார்க் பிளாட்டிடம் ஷ்வார்ட்ஸ் போய், இது மேடைக்கான கதை என்று வாதாடிச் சம்மதிக்க வைத்தார். சினிமா ஸ்டூடியோ ஒன்று நாடகத்தின் தயாரிப்பாளராக உள்ளே வந்தது இப்படித்தான்.

பணத்தின் கோணத்தில் இந்த முடிவு பெரியது. நேரடியாகப் படமாகியிருந்தால், ஹோல்ஸ்மேன் போன்ற எழுத்தாளருக்குக் கிடைத்திருப்பது திரைக்கதைச் சம்பளமும் ரெசிடியுவலும் மட்டும். மேடை முதலில் வந்ததால், ஜான் எம். சூ இயக்கத்தில் அது படமானபோது இரண்டு வேறு கதவுகள் திறக்கின்றன.

1. நாடகத்தின் பட உரிமைக்கான தொகை. இது மேடை எழுத்தாளர்கள் என்ற முறையில் வருவது. வழக்கமான ஒப்பந்தங்களில், நாடகத்துக்கு முதலீடு செய்தவர்களுக்கும் இதில் கணிசமான பங்கு போகும்.

2. திரைக்கதைச் சம்பளம். ஹோல்ஸ்மேனும் டேனா ஃபாக்ஸும் சேர்ந்து எழுதியது. இது கூலிக்குச் செய்த படைப்பு, உரிமை ஸ்டூடியோவுக்கு. படம் தியேட்டரை விட்டு இறங்கி டிவிக்கும் ஓடிடிக்கும் போகும்போது, அந்த வரவில் சங்க விகிதப்படி 1.2 சதவீதம் திரைக்கதை எழுதியவர்களுக்கு ரெசிடியுவலாக வரும். முதல் படம் உலகம் முழுவதும் 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் தியேட்டர் டிக்கெட் பணத்துக்கு ரெசிடியுவல் கிடையாது. பலர் குழம்புகிற இடம் இது.

ஒரே கதை, ஒரே வசனங்கள். மேடையில் அவருக்குச் சொந்தம், திரையில் சொந்தமில்லை. படத்தால் அவருக்கு வந்த மறைமுக லாபம், படம் பார்த்தவர்கள் நாடகத்துக்கும் டிக்கெட் வாங்கியது. டிசம்பர் மாதத்து 50 லட்சம் அதன் அடையாளம்.

சொத்து மதிப்புத் தளங்களை எப்படிப் படிப்பது

அந்த எண்களை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எங்கே தவறும் என்று தெரிந்து படித்தால் போதும்.

1. உலகம் முழுக்க நாடகம் வசூலித்த பல நூறு கோடி டாலரில் இருந்து தொடங்கி நேராக எழுத்தாளரின் சட்டைப் பைக்கு வருவார்கள். நடுவில் இருக்கும் அரங்க வாடகை, சம்பளம், முதலீட்டாளர், தயாரிப்பாளர் எல்லாம் காணாமல் போயிருப்பார்கள்.

2. புக் எழுதியவரையும் இசையும் வரிகளும் எழுதியவரையும் ஒரே தட்டில் வைப்பார்கள். பாடல்களுக்கு இசைத்தட்டு விற்பனை, வானொலி, ஸ்ட்ரீமிங் என்று தனி வருமானம் இருக்கிறது. வசனத்துக்கு அது இல்லை.

3. வருமானத்தையும் சொத்தையும் குழப்புவார்கள். வரி கட்டி, செலவு செய்து, மிஞ்சி நிற்பதுதான் சொத்து. ஹோல்ஸ்மேனின் கணவர் பால் டூலி நெடுநாள் நடிகர். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் திருமண காலத்து வருமானம் இருவருக்கும் பொது. யாருடையது எவ்வளவு என்று வெளியாள் பிரிக்க முடியாது.

4. இனி வரப்போகும் ராயல்டியை மதிப்பிடவே மாட்டார்கள். இசை நாடக எழுத்தாளருக்கு வங்கியில் இருப்பதைவிட அதுதான் பெரிய சொத்தாக இருக்கலாம்.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு இசை நாடகம் பிராட்வேயில் மூடப்பட்டாலும் வருமானம் நிற்காது. அதற்குப் பிறகு பள்ளிகள், கல்லூரிகள், ஊர்க் குழுக்கள் அதை நடத்த உரிமம் கேட்கும். அமெரிக்கப் பள்ளிகளில் வருடாந்திர இசை நாடகம் என்பது நம் ஊர் ஆண்டு விழா மாதிரி தவறாமல் நடப்பது. உரிம நிறுவனங்கள் ஒவ்வொரு காட்சிக்கும் கட்டணம் வசூலித்து, தங்கள் கமிஷன் போக எழுத்தாளருக்கு அனுப்பும். ஒரு பள்ளி கொடுப்பது சில நூறு டாலராக இருக்கும். ஆனால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பள்ளிகள் நடத்தும் நாடகங்கள் உண்டு. பிராட்வேயில் சுமாராகப் போன நாடகம்கூட இந்த வழியில் எழுத்தாளரின் குடும்பத்தைப் பல வருடம் காப்பாற்றியிருக்கிறது.

எத்தனை வருடம் என்பதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் பதிப்புரிமை, எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதற்கு மேல் 70 வருடமும் நீடிக்கும். பலர் சேர்ந்து எழுதிய படைப்பாக இருந்தால் கடைசியாக உயிரோடு இருப்பவரின் ஆயுளை வைத்துக் கணக்கு. அதுவரை ராயல்டி வாரிசுகளுக்குப் போகும். கூலிக்குச் செய்த படைப்புக்கு வேறு கணக்கு: வெளியானதிலிருந்து 95 வருடம். ‘மை ஸோ கால்டு லைஃப்’ தொடரில் 1994ல் வந்த எபிசோடுகள் அந்தக் கணக்கில் 2089 முடியும் வரை நிறுவனத்தின் கையில்தான் இருக்கும்.